தண்டவாளத்தைப் பெயர்ப்பதுதான் வளர்ச்சியா?

வளர்ச்சி என்னும் சொல்லைப் போல் எளிதில் ஏமாற்றும் சொல் வேறொன்று இருத்தல் அரிது. பழைய கட்டடத்தை இடித்தால் வளர்ச்சி; மரத்தை வெட்டிச் சாலையை அகலப்படுத்தினால் வளர்ச்சி; தெருவில் ஓடிய டிராம் வண்டியை நிறுத்தினால் அதுவும் வளர்ச்சி. இச்சொல்லை நம்பி உலக நகரங்கள் பல தம் கையிலிருந்த செல்வத்தைத் தாமே எறிந்தன. பின்னர் அதையே பெரும்பொருள் கொடுத்து மீட்டன. இந்த வரலாறு கண்முன் இருந்தும் அதைக் கற்க மறுக்கும் நகரமாகக் கொல்கத்தா நிற்கிறது.

2024-ஆம் ஆண்டு செப்டம்பரில், மைதானத்திற்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ஒரு சிறு தடத்தை மட்டும் பழமைச் சின்னமாக வைத்துக்கொண்டு, ஏனைய டிராம் தடங்களைக் கைவிடப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. 1873-இல் குதிரைகளால் இழுக்கப்பட்டு, 1902 முதல் மின்சாரத்தால் ஓடிய வண்டி அது. 1953-இல் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியதற்கே நகரம் கொதித்தெழுந்தது என்றால், எளிய மக்கள் வாழ்வில் அதற்கிருந்த இடம் விளங்கும். நகரப் பரப்பில் சாலைக்குரியது 6 விழுக்காடே. அச்சாலையில் டிராம் நெரிசலை உண்டாக்குகிறது. இதுவே அரசு தரப்பில் கூறப்பட்ட காரணம்.

இக்காரணம் தன்னைத்தானே மறுக்கிறது. சோறு குறைந்த வீட்டில் ஒருவன் மட்டும் பானையைத் தழுவிக்கொள்ள விடுவது அறமாகுமா? இடம் குறைந்த நகரத்தில், ஒருவரோ இருவரோ அமர்ந்து செல்லும் காருக்கு வழிவிட்டு, பலரை ஒருங்கே ஏற்றிச் செல்லும் வண்டியை விரட்டுவது எவ்வகை நீதி? டிராம் மெதுவாக ஓடுகிறது என்பர். மெதுவாக்கியவர் யார்? கொல்கத்தாவின் பெருஞ்சாலைகள் சிலவற்றின் நடுவே டிராமுக்கெனத் தனிப்பாதை இருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அப்பாதைகள் சாலையோடு சேர்க்கப்பட்டு, ஏனைய வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. காலைக் கட்டிவிட்டு, ஓடவில்லை என்று குற்றம் சாட்டும் செயல் இது.

இவ்வழக்கில் சான்று சொல்ல ஆஸ்திரேலியாவின் இரு பெருநகரங்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிட்னி, மெல்பர்ன் இரண்டிலும் பரந்த டிராம் அமைப்புகள் இருந்தன. 1945-இல் சிட்னி டிராம்களில் மேற்கொள்ளப்பட்ட பயணங்கள் 40 கோடிக்கும் மேல். ஆயினும் எதிர்காலம் காருக்கே உரியது என்னும் எண்ணத்திற்குச் சிட்னி பணிந்தது. 1961 பிப்ரவரியில் கடைசி வண்டி நின்றது. பழைய பெட்டிகள் பல ராண்ட்விக் பணிமனையில் தீயிட்டுக் கொளுத்தப்பட்டன. மெல்பர்னிலோ, 1949 முதல் 1970 வரை டிராம் வாரியத் தலைவராக இருந்த ராபர்ட் ரிசன் எதிர்ப்புக்கு அசையவில்லை. அவர் தண்டவாளங்களைக் கான்கிரீட்டில் பதிக்கச் செய்தார். பெயர்ப்பதற்கு ஆகும் செலவே அவற்றுக்குக் காவலாயிற்று.

விளைவு என்ன? ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமுள்ள மெல்பர்ன் டிராம் அமைப்பு உலகிலேயே மிகப் பெரியது எனப் பெயர் பெற்றுள்ளது. தெருவில் டிராம் நின்று கதவு திறந்தால், பின்னால் வரும் கார் நின்றே ஆகவேண்டும் என்பது அங்குச் சட்டம். சிட்னியோ 1997-இல் ஒரு சிறு தடத்தோடு மீண்டும் தொடங்க நேர்ந்தது. 2019 டிசம்பரில், பெட்டிகள் எரிந்த அதே ராண்ட்விக்குக்கு டிராம் திரும்பியது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அத்திட்டத்திற்கு முதலில் மதிப்பிட்ட செலவு 160 கோடி ஆஸ்திரேலிய டாலர். முடிவில் ஆனதோ ஏறத்தாழ 300 கோடி. பாட்டன் எறிந்ததற்குப் பேரன் கட்டிய தண்டம் அது.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரமும் 1960-இல் டிராமை நிறுத்தியதுதான். 1989-இல் நடந்த நகராட்சித் தேர்தலில், தானியங்கும் சுரங்க ரயிலா, தெருவில் ஓடும் டிராமா என்பது பெரும் வழக்காயிற்று. டிராமின் பக்கம் நின்ற கத்ரீன் த்ரோத்மன் வென்று மேயரானார். சுரங்க ரயில் மக்களை மண்ணுக்கடியில் அனுப்பிவிட்டுத் தெருவைக் காருக்கே விட்டுவிடும்; டிராமோ தெருவை மக்களுக்கு மீட்டுத் தரும். அதனால்தான் வணிகர் பலர் அஞ்சி எதிர்த்தனர். 1994-இல் டிராம் ஓடியது. நகர நடுவிலுள்ள க்ளேபர் சதுக்கம் கார்களிடமிருந்து விடுபட்டு, நடப்போர்க்கு உரியதாயிற்று.

சிங்கப்பூரில் 1927-இலும், சென்னையில் 1953-இலும், கொழும்பில் 1960-இலும் டிராம் மறைந்தது. அதனால் அந்நகரங்கள் அழிந்தனவா என வினவுவோர் உண்டு. அவர்கள் சிங்கப்பூரின் வரலாற்றை முழுதும் படிக்கட்டும். 1975-இல் அந்நகரம் காலை நேரத்தில் நகர மையத்திற்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. நால்வர் அமர்ந்து வந்த காருக்கோ தொடக்கத்தில் விலக்கு அளித்தது. அதாவது, அங்கு எண்ணப்பட்டவை வண்டிகள் அல்ல, மனிதத் தலைகள். 1987-இல் விரைவு ரயிலையும் தந்தது. டிராம் இல்லாத நகரமும் நீதியோடு இயங்கலாம். ஆனால் இருக்கும் டிராமை அழித்து, அவ்விடத்தைக் காருக்குத் தாரைவார்க்கும் நகரம் அந்நீதியைக் கோர முடியாது.

புவியியல் பாடத்தில் நகர வளர்ச்சியைக் கற்பிக்கும் ஆசிரியர், சாலையின் நீளத்தையும் பாலங்களின் எண்ணிக்கையையும் சொல்லி நிறுத்தலாகாது. அச்சாலையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் செல்கின்றன என்பதோடு, எத்தனை மக்கள் செல்கின்றனர் என்றும் மாணவரை எண்ணச் சொல்ல வேண்டும். அவ்வாறு எண்ணக் கற்ற தலைமுறை, எதை அழித்தாலும் வளர்ச்சி என்று சொல்வோரிடம் கணக்குக் கேட்கும். கொல்கத்தாவின் தண்டவாளங்கள் அனைத்தும் பெயர்க்கப்படும் முன்னரே அக்கணக்கு கேட்கப்பட வேண்டும்.