அம்மா காதில் இல்லாத தோடு எதற்கு?

வெள்ளையடிப்பதற்காகச் சுவரில் இருந்த படங்களை இறக்கியபோதுதான் கவனித்தேன். கூடத்தில் மாட்டியிருந்த அம்மா படத்தில் ஒரு பக்கத்துக் காதையே காணோம்!

அது கண்ணாடிச் சட்டம் போட்ட படம் இல்லை. 2012-ல் கைவேலை வகுப்பில் கற்றுக்கொண்டு, நானே மரப்பலகையில் இறக்கியது. பழைய கறுப்பு வெள்ளை போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து, பலகையில் பசை தடவிக் கவிழ்த்து ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட வேண்டும். மறுநாள் ஈரப் பஞ்சால் காகிதத்தை மெல்லத் தேய்த்து எடுத்தால், மை மட்டும் மரத்தில் நிற்கும். ஆசையாகச் செய்தேனே தவிர, மேலே வார்னிஷ் ஒழுங்காகப் பூசவில்லை. சுவர் ஈரத்தில் ஓரம், தோள், காது எல்லாம் உரிந்துவிட்டது.

"தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு பண்ணேம்மா" என்றாள் மகள். எனக்கு மனசு வரவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த தங்கை வேறு யோசனை சொன்னாள். "உரிஞ்ச இடத்துல தங்க ரேக்கு ஒட்டி, குந்தன் கல்லால அம்மாவுக்குத் தோடும் அட்டிகையும் போட்டுடலாம்க்கா. தஞ்சாவூர் படம் மாதிரி ஜொலிக்கும்!"

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் போட்டோவில் அம்மா காதில் இருந்தது ஈர்க்குச்சி. தோட்டை அடகு வைத்துத்தான் தங்கையை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தாள். கடைசி வரை மீட்க முடியவே இல்லை.

சாமி படத்தை அலங்கரிப்பது நம் வழக்கம்தான். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாக வந்தார்கள். அந்த அச்சுப் படங்களில் ஜரிகை, சமிக்கி, பட்டுத்துணி ஒட்டி அழகு பார்த்தவர்கள் உண்டு. சாமிக்கு எத்தனை நகை போட்டாலும் தகும். அம்மாவுக்கு அப்படியா? இப்போதெல்லாம் ஸ்டூடியோவில் பழைய படத்தைக் கொடுத்தால், நிறத்தை வெளுப்பாக்கி, பட்டுச்சேலை கட்டி, கழுத்து நிறைய நகையோடு தருகிறார்கள். அதைப் பார்க்கிற பேரப்பிள்ளைகள், 'பாட்டி ரொம்ப வசதியா வாழ்ந்திருக்காங்க' என்றுதானே நினைப்பார்கள்? அவள் பட்ட பாடெல்லாம் எங்கே போகும்?

இதை நான் சொன்னதும் தங்கை ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என்னாலதானேக்கா அந்தத் தோடு போச்சு... படத்துலயாவது திருப்பிக் கொடுக்கலாம்னு நெனச்சேன்" என்று அழுதுவிட்டாள்.

அப்புறம் இருவருமாக உட்கார்ந்தோம். எழும்பி நின்ற துணுக்குகளைப் பசை தொட்டுப் படிய வைத்தோம். படத்தைத் தொடாமல், உரிந்த இடத்தை மட்டும் நைஸான உப்புத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் கலரால் காதை வரைந்தோம். தோளில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டை ஒட்டினோம். காதில், தென்னை ஈர்க்கில் நறுக்கிய ஒரு சின்னத் துண்டைத் தங்கையே தன் கையால் ஒட்டினாள். நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு முறை மெல்லிசாக வார்னிஷ் பூசினோம்.

தோழிகளே, பழைய படத்தைச் சரிசெய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலப் படத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள். அழிந்ததை நிரப்புங்கள், இல்லாததைச் சேர்க்காதீர்கள்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள், "காதுல என்ன குச்சி?" என்று கேட்கிறார்கள். தங்கை இருந்தால் அவளே முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள்.

- ஒரு வாசகி, மதுரை.