முகமூடியைக் கழற்றச் சொல்வதற்கு முன்

“நீங்கள் நீங்களாகவே அலுவலகத்துக்கு வாருங்கள்.” பெரு நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் இப்போது விரும்பி உச்சரிக்கும் வாசகம் இது. மகளிர் தினத்துக்குக் கேக் வெட்டுகிறார்கள். ஜூன் மாதம் வந்தால் நிறுவனச் சின்னத்துக்கு வானவில் வண்ணம் பூசுகிறார்கள். பாலினம், பாலீர்ப்பு, மாற்றுத்திறன் பற்றியெல்லாம் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். இவை அந்தந்த மக்கள் போராடிப் பெற்றவை, தேவையானவை. சாதி என்ற சொல் மட்டும் பெரும்பாலும் அந்த வகுப்புகளுக்குள் நுழைவதில்லை. கேட்டால், “இங்கே யாரும் சாதி பார்ப்பதில்லை” என்கிறார்கள்.

அப்படிச் சொல்பவர்கள் யாரென்று பாருங்கள். ஆவணி அவிட்டத்துக்கு விடுப்பு கேட்பவர் தன் சாதியைச் சொல்லித்தான் கேட்கிறார். சாதித் தலைவரின் குருபூஜைப் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பவர் எதையும் மறைக்கவில்லை. அவர்கள் எப்போதோ ‘தாங்களாகவே’ வந்துவிட்டார்கள். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, அது அலுவலக எண்களுக்குத் தெரியாதபடி மறைத்துவைக்கும் தலித் ஊழியருக்குத்தான் அந்த வாசகம் இன்னும் எட்டவில்லை.

பெயருக்குப் பின்னால் சாதி போடாத மாநிலம் என்று பெருமைப்படுகிறோம். சுயமரியாதை இயக்கத்தின் அந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விசாரணை இன்று வேறு வழியில் நடக்கிறது. “சொந்த ஊர் எது?” “ஊருக்குள்ளேயா, வெளியிலயா?” “குலதெய்வம் எது?” “நான்வெஜ்ல எதெல்லாம் சாப்பிடுவீங்க?” தேநீர் இடைவேளைக்குள் முடிந்துவிடும் விசாரணை இது. பெயரிலேயே சாதி தெரிந்துவிடும் இடங்களில் என்ன நடக்கிறது என்பதை சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தனியார் நிறுவன வேலைகளுக்கு ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான்.

கடல் கடந்தாலும் இதே கதை. கலிபோர்னியா அரசு 2020இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு நினைவிருக்கும். ஒரு தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐஐடிக்கு வந்தவர் என்பதை அவரது மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. 2023இல் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை மட்டும் அரசே கைவிட்டது. வழக்கின் முடிவு எதுவானாலும், ‘தெரிந்துவிடுமோ’ என்ற அந்த அச்சம் நம்மில் பலருக்குப் புதிதல்ல.

என்னைப் போன்ற ஆய்வாளர்களுக்கோ மறைக்கும் வாய்ப்பே கிடையாது. எங்கள் உதவித்தொகையின் பெயரிலேயே பட்டியல் சாதி என்று இருக்கிறது. கையெழுத்துக்கு நீட்டும் ஒவ்வொரு படிவமும் எங்களை அறிவித்துவிடுகிறது. துறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சமத்துவம் வந்துவிட்டதா? “உங்களுக்கென்ன, ஃபெல்லோஷிப் வருதே” என்ற நக்கல்தான் வந்தது. சொல்பவருக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் வெளிப்படையாக இருப்பது, அடிக்க வருபவரிடம் முதுகைக் காட்டுவதுதான்.

பாதுகாப்பு பயிற்சி வகுப்பால் வராது, சட்டத்தால் வரும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையைத் தனியார் நிறுவனங்களும் அறிவிக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். திருநர் புகார்களைக் கவனிக்க ஓர் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். சாதிக்கு இப்படி ஒரு ஏற்பாட்டைத் தனியார் நிறுவனத்தின் மீது சுமத்தும் சட்டம் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். திருச்சி மாவட்டத்தில் ஒரு வருவாய் ஆய்வாளர், தன் அலுவலகத்திலேயே சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதாகப் புகார் கொடுத்தார். நான்கு சுவர்களுக்குள் நடந்தது, பொதுப்பார்வையில் நடக்கவில்லை என்று சொல்லி அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ரத்து செய்தது. அரசு அலுவலருக்கே இதுதான் நிலை என்றால், மேலாளரின் கண்ணாடி அறைக்குள் அவமதிக்கப்படும் ஒப்பந்த ஊழியர் எங்கே போவார்?

ஆகவே நம் கோரிக்கைகள் நேரடியானவை. நடத்தை விதிகளில் சாதிப் பாகுபாடு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். தலித், பழங்குடி உறுப்பினர்களும் வெளியாளும் இடம்பெறும் விசாரணைக் குழுவைச் சட்டமாக்குங்கள். தனிநபர் அடையாளம் வெளிவராமல், எந்தப் பதவியில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர், யாருக்குப் பதவி உயர்வு, யார் வெளியேறுகிறார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு கொடுங்கள். நிலமும் வரிச்சலுகையும் வாங்கும் நிறுவனங்களுக்கு முதல் மூன்றையும் நிபந்தனையாக வைக்கத் தமிழ்நாடு அரசு டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கணக்கெடுத்தால் சாதி வளரும் என்று சிலர் கவலைப்படுவார்கள். கணக்கெடுக்காத இத்தனை ஆண்டுகளில் அது எந்த மாடியில் குறைந்தது என்று அவர்கள் காட்டட்டும்.

எங்களை மனம் திறக்கச் சொல்லும் நிறுவனங்கள் முதலில் தங்கள் பதிவேட்டைத் திறக்கட்டும். அதுவரை சொல்வதா மறைப்பதா என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம். மறைப்பவரைக் கோழை என்று சொல்லும் தகுதி, அவரை மறைக்க வைத்தவர்களுக்குக் கிடையாது.