போ என்றார்கள், எங்கே என்று சொல்லவில்லை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன தவணையில் 8ஆம் தரப் பிள்ளைகளைத் தம்பானைக்குச் சுற்றுலா கூட்டிப்போனோம். மீகாகிவுல வழியாக மஹியங்கனைக்கு இறங்கும்போதே பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார்கள். நம் மாவட்டம்தான், ஆனால் அங்கே தேயிலையும் இல்லை, குளிரும் இல்லை. ஆதிவாசிப் பெரியவர் ஒருவர் தோளில் கோடரியோடு வந்து, அவர்கள் வழக்கப்படி எங்கள் இரண்டு முன்கைகளையும் பிடித்து வரவேற்றார். பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சம். பிள்ளைகள் வில்லைக் கையில் வாங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். மிருகக்காட்சிசாலைக்குப் போனவர்கள் மாதிரித்தான் நடந்துகொண்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்களுடைய கதையைச் சொன்னேன். துரித மகாவலித் திட்டத்தின் காலத்தில், 1983இல், மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. சுமார் 58,850 ஹெக்டயர். தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்த, வேட்டையாடிய காடு ஒரே நாளில் தடை செய்யப்பட்ட இடமாகிவிட்டது. உள்ளே போனால் குற்றம். பல குடும்பங்களை ஹெனானிகல போன்ற மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பி, வயல் கொடுத்து விவசாயம் செய்யச் சொன்னார்கள். மூத்த தலைவர் ஊருவரிகே திசாஹாமி போக மறுத்துவிட்டார். 1998இல் மௌத்தாகும் வரை தம்பானையை விட்டு அவர் போகவே இல்லை. இன்று அவருடைய மகன் வன்னில அத்தோதான் தலைவர்.

காட்டைப் பாதுகாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யானைக்கும் மானுக்கும் இடம் வேண்டும்தான். ஆனால் தேன் எடுப்பவரைக் காட்டுக்குள் விடாத இதே நாட்டில், பொல்லேபெத்த, றம்புக்கன் ஓயாப் பக்கம் சோளம் போடுவதற்குக் காட்டை அழிக்கிறார்கள் என்று வன்னில அத்தோவே சுற்றாடல் நீதிக்கான நிலையத்தோடு சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போக வேண்டி வந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் பின் சீற்றில் இருந்த ஒரு பிள்ளை கேட்டது:

“சேர், அவங்க போக மாட்டேன்னாங்க, ஆனாலும் வீடு குடுத்து கூட்டிட்டுப் போனாங்க. நாங்க போறோம்னு சொல்றோம். எங்கள ஏன் யாரும் கூப்பிடல?”

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பிள்ளையின் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு இருக்கிறது. மழை கூடினால் அந்தக் குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் பாடசாலைக்குத்தான் வரும். மழை விட்டதும் அதே காம்பராவுக்குத் திரும்பிப் போகும். 2025 நவம்பரில் டித்வா வந்தபோதும் அப்படித்தான். பிள்ளைகள் படிக்கிற மேசையில்தான் கைக்குழந்தைகளைத் தூங்க வைத்தார்கள்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவு. லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். “சொன்னோம், அவர்கள் போகவில்லை” என்ற பேச்சு இன்றும் ஒப்பீஸ்களில் கேட்கிறது.

எங்கே போவது? காணி அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளுடையது. லயம் தொழிலாளியின் பெயரில் இல்லை. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா. சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவனிடம் கடிதத்தைக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, எச்சரித்துவிட்டோம் என்றால் என்ன நியாயம்? மீரியபெத்தை மக்களுக்குப் பூணாகலை மாகல்தெனியவில் 75 வீடு கிடைத்தது 2016இல். அத்தனை ஜனாஸா எடுத்த பிறகுதான் காணி தென்பட்டது. அந்தக் காணி 2011இல் எங்கே போயிருந்தது? அதே பூணாகலையில் கபரகலையில் 2023 மார்ச்சில் மறுபடியும் லயங்கள் மண்சரிவில் போயின.

இன்னொன்று, மழையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் கான் வெட்டு என்று தனி வேலையே இருந்தது. மழைத்தண்ணி மலையில் தேங்காமல் கான் வழியே ஓடிவிடும். இப்போது எத்தனை மலையில் கான் தூர்ந்து, புல் மண்டிக் கிடக்கிறது என்று கொழுந்துக்குப் போகிற நம் தாய்மாருக்குத் தெரியும். தண்ணிக்கு வழி இல்லாவிட்டால் அது மண்ணுக்குள்தான் இறங்கும்.

தூரத்தில் ஈக்குவடோரில் வவோரானி என்ற மழைக்காட்டு மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய காட்டை எண்ணெய்க் கம்பனிகளுக்கு ஏலம் விட அரசாங்கம் திட்டம் போட்டது. கேட்டால், 2012இலேயே அந்த மக்களிடம் கலந்து பேசியாயிற்று என்றது. நெமொந்தே நென்கிமோ என்ற பெண்ணின் தலைமையில் நீதிமன்றம் போனார்கள். அந்தக் கலந்தாலோசனை முறையானதல்ல என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வந்து போனோம், கையெழுத்து வாங்கினோம் என்பதைக் கேட்டதாகவே அந்த நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. நம் லயங்களுக்கு வருகிற கடிதங்களையும் அந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. தம்பானை மக்களுக்கு இருக்க விருப்பம், போகச் சொன்னார்கள். நம் பிள்ளைகளுக்குப் போக விருப்பம், இடம் இல்லை. இரண்டிலும் சம்பந்தப்பட்டவனை உட்காரவைத்து யாரும் கேட்கவில்லை.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கோ லயத்துக்கோ மண்சரிவு எச்சரிக்கைக் கடிதம் எந்த வருஷம் வந்திருந்தாலும் தேடி எடுங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். எங்கே போக வேண்டும் என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி, ஒரே கட்டாகப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, கிடைத்ததற்குச் சீல் வாங்குவோம். எழுத்து வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.