கைநாட்டு

பூனைக்காலிக் காயின் சுணையை அடுத்தவன் சட்டைக்குள் போட்டுவிட்டு ஓடிய பிள்ளைகள்தாம் நாம். அந்தக் கொடியின் விதைக்குள் என்ன இருக்கிறது என்று வளர்ந்த பிறகும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது எதற்கு மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. பார்கின்சன் நோயில் மூளைக்குள் டோபமைன் வற்றிப்போவதை வியன்னாவில் ஹார்னிகீவிச் 1960-இல் காட்டினார். 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், டோபாவைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து, உடல் இறுகிக் கிடந்தவர்களை எழுப்பி நடக்கவைத்தார். நம் பிழை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இந்த நோய் ஆயுர்வேதத்தில் கம்பவாதம், நம் வைத்தியர்கள் வாயில் நடுக்குவாதம். "எங்களுக்கு அப்போதே தெரியும்" என்று மேடைதோறும் பேசினோம். பேசியதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்தோம். விதைக்கு விதை மருந்தின் அளவு எப்படி மாறுகிறது, யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று பொறுமையாக அளந்து பார்த்தவர்கள் மிகச் சிலர். பம்பாயில் அசோக் வைத்யா குழுவினர் அந்த விதையின் பொடியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1978-இல் எழுதினார்கள். நாம் அதைத் தேடிப் படிக்கவில்லை. 2004-இல் லண்டனில் எட்டே நோயாளிகளுக்கு அந்தப் பொடியையும் வழக்கமான மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஒப்பிட்டார்கள். பொடி விரைவாக வேலை செய்தது. எட்டுப் பேரை வைத்து முடிவுகட்ட முடியாதுதான். ஆனால் எண்பது பேரை, எண்ணூறு பேரைச் சேர்த்துச் சோதித்திருக்க வேண்டியவர்கள் நாமல்லவா? நாமோ அதே விதையை ஆண்மை லேகியமாக்கி டப்பாவில் அடைத்து விற்றோம். இன்று ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு அளவு தெரியாத பொடியை விழுங்கி அவதிப்பட்டால், அதற்கும் நம் அரைகுறைப் பெருமைப் பேச்சே பொறுப்பு.

வீட்டுக்குள் செய்தது இன்னும் மோசம். அப்பா சட்டைப் பொத்தானுடன் மல்லாடியபோது "சீக்கிரம்பா" என்று அதட்டினோம். முகத்தில் அசைவில்லை, கோபம் என்று எடுத்துக்கொண்டோம். ரசம் மணக்கவில்லை என்றார். அம்மாவின் கைப்பக்குவத்தைக் குறை சொல்கிறார் என்றோம். கையெழுத்து எறும்புபோலச் சிறுத்தது. வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்கள். ஏன் சிறுத்தது என்று அவரிடமும் கேட்கவில்லை, மருத்துவரிடமும் கேட்கவில்லை. நடுங்கும் விரலைப் பிடித்து மையில் அழுத்திக் கைநாட்டு வைக்கச் சொன்னோம்.