வலிக்கு மருந்தும் கஞ்சாவும்

 

புற்றுநோயின் கடும் வலிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதிக் கொடுத்தால், "அபினிலிருந்து எடுப்பதாயிற்றே, ஹராம் அல்லவா?" என்று தயங்குவோர் நம்மில் உண்டு. "மேல்நாடுகளில் கஞ்சாவையே வலிக்குத் தருகிறார்களாமே, இரண்டையும் சேர்த்தால் என்ன?" என்று கேட்போரும் உண்டு. இரண்டையும் ஆராய்வோம்.

மூளையிலும் தண்டுவடத்திலும் வலியுணர்வு செல்லும் பாதையில் அபின் வகை மருந்துகள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. கஞ்சாவின் வேதிப்பொருள்களுக்கும் அப்பாதையிலேயே வேறு ஏற்பிகள் உள்ளன. ஆகவே, இரண்டும் சேர்ந்தால் குறைந்த அளவு மார்ஃபினே போதும் என ஆய்வாளர்கள் கருதினர். விலங்குச் சோதனைகளும் அதற்கு இடமளித்தன. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், அபின் வகை மருந்து உட்கொண்டுவந்த 21 நோயாளிகள் கஞ்சா ஆவியை நுகர்ந்தபோது வலி சராசரியாக 27 விழுக்காடு குறைந்தது. ஆயினும், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை.

பின்னர் ஆஸ்திரேலியாவில், புற்றுநோய் அல்லாத நெடுநாள் வலியுடைய 1,514 பேரை நான்காண்டுகள் கண்காணித்தனர். 2018இல் வெளியான அதன் முடிவில், கஞ்சா பயன்படுத்தியோர் கூடுதல் வலியையே தெரிவித்திருந்தனர். அபின் வகை மருந்தின் தேவை கஞ்சாவினால் குறைந்ததற்குச் சான்றில்லை. இரண்டும் சேரும்போது மயக்கமும் தலைசுற்றலும் மிகும். முதியோர் தடுமாறி விழவும் கூடும். எனவே, யாரோ சொன்னார்கள் என்று கஞ்சாவை நாடாதீர்கள்.

மார்ஃபினின் நிலை வேறு. போதைப்பொருள் விலக்கப்பட்டதே. எனினும், வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில், நம்பிக்கைக்குரிய மருத்துவர் அளவிட்டுத் தரும் மருந்து ஆகுமானது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. அபினின் வலி தணிக்கும் தன்மையை மருத்துவ மேதை இப்னு ஸீனா ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதியுள்ளார். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமும், நோயாளிகளுக்கு மார்ஃபின் எளிதில் கிடைக்கும் வண்ணம் 2014இல் திருத்தப்பட்டது.

மருத்துவர் சொன்ன அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். திடீரென நிறுத்தவும் கூடாது. மலச்சிக்கல் ஏற்படும், அதற்கும் மருந்து கேட்டுப் பெறுங்கள். அவரைக் கேளாமல் தூக்க மாத்திரை சேர்ப்பது மூச்சையே அடக்கிவிடக்கூடும். மருந்தைப் பிள்ளைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வையுங்கள்.

ஸப்ரு என்பது மருந்தை மறுப்பதன்று. வலியால் துடிக்கும் தாய் தந்தையரின் வேதனையைத் தணிப்பதும் நம் கடமையே. வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.