தடைக்கு முன் பாடக்குழுவைப் பாருங்கள்

2026 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்குத் தொடங்க முடியாது என மலேசிய அரசாங்கம் அறிவித்ததைப் பெற்றோர் பலர் வரவேற்றார்கள். அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் அதே கைப்பேசியில்தான் பிள்ளைகள் பாடமும் படிக்கிறார்கள். 2020 மார்ச் 18-இல் கோவிட்-19 பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், பல வீடுகளில் வாட்ஸ்அப்பே வகுப்பறை ஆனது.

ஜொகூரின் ஸ்கூடாயிலோ மாசாயிலோ ஒரு படிவம் 3 வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள். முக்கோணவியலில் சிக்கிய மாணவி, பாதி போட்ட கணக்கைப் படமெடுத்து இரவு பத்து மணிக்கு அனுப்புகிறாள். தோழி அடுத்த வரியை எழுதித் திருப்பி அனுப்புகிறாள். பையன்களில் பலர் யூடியூபில் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். புரியாவிட்டாலும் வாய் திறப்பதில்லை. கேட்டால் கேலி செய்வார்களோ என்ற கூச்சம். எல்லாரும் இப்படியல்ல, ஆனாலும் ஆசிரியர்களுக்குப் பழகிப்போன காட்சி இது.

பெண் பிள்ளைகளுக்கு வேறு தொல்லை. பொதுவில் ஒரு சந்தேகம் கேட்டாலே முன்பின் தெரியாதவர்களின் வேண்டாத செய்திகள் வந்து விழுகின்றன. அதனால் முகப்பில் பூப்படம் வைத்து, தெரிந்தவர்களுக்குள் ஒடுங்கிக்கொள்கிறார்கள்.

வயதை மட்டும் பார்க்கும் சட்டத்துக்கு ஆண், பெண் பிள்ளைகளிடையே உள்ள இந்த வேறுபாடு தெரியாது. ஜொகூர் மாநிலக் கல்வி இலாகாவும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆசிரியர் மேற்பார்வையில் பாடக்குழுக்களை இப்போதே அமைக்க வேண்டும். அங்கே பையன்களைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்க வையுங்கள். மாணவிகளின் புகாரை அன்றே விசாரியுங்கள்.