ஹிதாயாவும் ஹவுரா பெண்ணும்

புது தில்லி: ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் கூறுவது பாவம், ஆயினும் அது செல்லும். முத்தலாக் வழக்கில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் உச்ச நீதிமன்றத்தில் எடுத்த நிலையின் சாரம் இதுதான். வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர், தொலைபேசி வழியே தலாக் சொல்லப்பட்ட ஹவுரா பெண். அம்முறை செல்லாது என 2017 ஆகஸ்ட் 22-ல் 3-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று.

வாரியத்தின் வாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதை அறிய ஹவுராவிலிருந்து ஹூக்ளி நதியைக் கடந்தால் போதும். கம்பெனி நீதிமன்றங்களுக்கு இஸ்லாமியச் சட்டம் கற்ற அலுவலர்கள் தேவைப்பட்ட காலத்தில், 1780-ல், வாரன் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தா மதரஸாவை நிறுவினார். இன்றைய ஆலியா பல்கலைக்கழகம் அதன் வழிவந்ததே. 12-ம் நூற்றாண்டின் ஹனஃபி சட்ட நூலான ஹிதாயா, ஹேஸ்டிங்ஸின் ஏற்பாட்டில் பாரசீகத்துக்கும், அதிலிருந்து சார்லஸ் ஹாமில்டனால் 1791-ல் ஆங்கிலத்துக்கும் வந்தது. அரபி அறியாத நீதிபதிகளுக்கு அதுவே கைநூல். அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக விவாதித்து வந்த நூல், இவ்வாறு விவாதத்துக்கு இடமற்ற சட்டப் புத்தகமாயிற்று. பண்டைய உரையாசிரியர்களுக்கு மாறாக நீதிமன்றம் குர்ஆனுக்குப் பொருள் கூறலாகாது என்று 1897-ல் பிரிவி கவுன்சிலும் கூறிவிட்டது.

முத்தலாக் சொல்பவர் பாவி, ஆனால் தலாக் நிறைவேறும் என்பது ஹிதாயாவின் விதி.

மரபு என்பது இந்த ஒரு நூல் மட்டுமா? ஒரே அமர்வில் சொன்ன மூன்றையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று 14-ம் நூற்றாண்டிலேயே வாதிட்டார் இப்னு தைமிய்யா. இந்தியாவின் அஹ்லே ஹதீஸ் பிரிவினர் அவ்வாறே கொள்கின்றனர். எகிப்து 1929-ல் இதைச் சட்டமாக்கியது. இவர்களில் எவரும் மார்க்கத்தை விட்டு விலகியவர்கள் அல்லர். கல்கத்தாவில் அல்ஹிலால் நடத்திய மௌலானா ஆசாதும், பிற்காலத் தத்துவச் சுமையை நீக்கி, முதலில் கேட்டவர்கள் உணர்ந்த பொருளையே தேட வேண்டும் என்றுதான் குர்ஆன் விளக்கவுரை எழுதினார். ராஞ்சிக் காவலில் அவரது கையெழுத்துப் படிகளைப் போலீஸார் எடுத்துச் சென்றது தனிக்கதை.

உலமாக்கள் கையில் மருந்து இருந்தது. தரத் தயங்கினர். விளைவு, விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போனது. 2019 ஜூலை 30-ல் மாநிலங்களவை 99-84 என்ற வாக்குகளில் மசோதாவை நிறைவேற்றியது. மூன்றாண்டு வரை சிறை. கணவர் சிறையில் இருந்தால் ஜீவனாம்சம் யார் தருவது என்ற எதிர்க்கட்சிகளின் கேள்விக்கு நிறைவான விடை வரவில்லை.

முத்தலாக்கைத் தவிர்க்கும் நிபந்தனையை நிக்காஹ் ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு மணமக்களுக்கு அறிவுரை கூறக் காஜிகளைக் கேட்டுக்கொள்வதாக வாரியம் நீதிமன்றத்தில் உறுதியளித்தது, விசாரணையே முடிந்த பின், 2017 மே மாதத்தில். ஹவுரா பெண்ணுக்கு அது பயன்படவில்லை.